போர்க்கலையைத் தவமாக்கிய சுன் லூதாங்

பகைவனை வீழ்த்துவதற்கென்று பிறந்த ஒரு கலை, தன்னை வெல்வதற்கான சாதனையாக மாற இயலுமா? வாளும் வேலும் துப்பாக்கியின் முன் தோற்றுவிட்ட காலத்தில், வெறுங்கையால் போரிடும் கலையை ஒருவன் ஏன் கற்க வேண்டும்? சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சீன நாட்டில் இவ்விரு வினாக்களும் ஒருங்கே எழுந்தன. இவற்றுக்கு வாதத்தால் அன்றித் தம் வாழ்க்கையால் விடை தந்தவர் சுன் லூதாங். ஷிங்யீ, பாகுவா, தாய்ஜி என்னும் மூன்று சீனப் போர்க்கலைகளையும் முறையாகக் கற்றுத் தேர்ந்து, மூன்றின் உட்பொருளும் ஒன்றே என்று கண்டு எழுதிய ஆசான் அவர். இம்மூன்றனுள் தாய்ஜி என்பது, நம் நாட்டில் தாய் சீ என்ற பெயரால் அறியப்படும் கலையாகும்.

வறுமை தந்த முதற்பாடம்

வட சீனத்தின் ஹெபெய் மாகாணத்தில், பாவோடிங் நகரை அடுத்த சிற்றூர் ஒன்றில் 1860-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகள் தலைநகர் பீஜிங்கில் நுழைந்து, பேரரசரின் கோடைகால அரண்மனையைத் தீக்கிரையாக்கிய ஆண்டு அது. தெற்கே தாய்ப்பிங் கிளர்ச்சி நாட்டைச் சிதைத்துக்கொண்டிருந்தது. அரசு தளர்ந்தது, வரிச்சுமை உழவரை நசுக்கியது.

பெற்றோர் இட்ட பெயர் சுன் ஃபூச்சுவான். தந்தை எளிய உழவர். மகனுக்கு எழுத்தறிவு வேண்டும் என்று விரும்பிய அவர், மகன் சிறுவனாக இருக்கும்போதே காலமானார். உள்ளதை விற்று ஈமச்சடங்கு முடித்த தாய்க்கு, மகனுக்கு இருவேளை உணவு தருவதே அரிதாயிற்று. எனவே அவனை ஊர்ச் செல்வர் ஒருவர் வீட்டில் ஏவலாளாக விட்டார். ஆடு மேய்ப்பதும் அடி வாங்குவதுமாக நாட்கள் கழிந்தன. அவ்வூர்ப் பக்கம் வந்திருந்த போர்க்கலை ஆசிரியர் ஒருவரைக் கண்ட சிறுவன், தனக்கும் கற்பிக்குமாறு அவரிடம் மன்றாடினான். யாரும் தன்னை அடிக்கக் கூடாது என்பதே அவன் கற்க விரும்பியதன் காரணமாக இருந்தது. அந்த வயதில் அதைவிட உயர்ந்த காரணம் ஒன்றும் தேவைப்படவில்லை.

ஆயினும் உடல்வலிமை வறுமையைத் தீர்க்கவில்லை. வேலையும் போயிற்று. புத்தாண்டு நெருங்கிய குளிர்காலத்தில், தாயின் பட்டினியைக் காணப் பொறாமல், தான் அவளுக்குச் சுமையே என்று எண்ணிய அப்பதின்மூன்று வயதுச் சிறுவன் தன் உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்தான் என்று அவரது குடும்பத்தார் வழிவழியாகக் கூறிவருகின்றனர். அவ்வழியே சென்ற முன்பின் அறியாத இருவர் அவனைக் காப்பாற்றினர். வீடுவரை உடன் வந்து தாயிடம் ஒப்படைத்து, தம்மிடம் இருந்த சிறு பொருளையும் கொடுத்துச் சென்றனர். அவர்களின் பெயரைக்கூட யாரும் கேட்டுவைக்கவில்லை. பெயரறியா மனிதர்களின் கருணையால் மீண்டும் கிடைத்த உயிர் அது. பிற்காலத்தில் ஏழைகளிடமும் நோயாளிகளிடமும் அவர் நடந்துகொண்ட விதம், அந்தக் கடனை அவர் ஒருபோதும் மறக்கவில்லை என்பதைக் காட்டுகிறது.

அசையாது நிற்கக் கற்றல்

அதன்பின் சுன், பாவோடிங் நகரில் உறவினர் ஒருவரது எழுதுகோல் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். சீன எழுத்துக்கலைக்குரிய மயிர்த்தூரிகைகளைச் செய்து விற்கும் கடை அது. பகலில் தூரிகை செய்தார். ஓய்வில் அதே தூரிகையால் எழுதப் பழகினார். அந்நகரில்தான் அவருக்கு முதல் குரு வாய்த்தார். அவர் ஷிங்யீ கலையில் தேர்ந்த லி குய்யுவான்.

ஷிங்யீ என்னும் சொல்லில் ஷிங் என்பது வடிவம். யீ என்பது மனத்தின் சங்கற்பம். உள்ளத்தில் எழும் சங்கற்பமும் உடலில் தோன்றும் வடிவமும் இடைவெளியின்றி ஒன்றாதல் என்பதே அக்கலையின் இலக்கு. அதன் அடிப்படை ஐந்து குத்து முறைகள். பிளப்பது, நேராகப் பாய்வது, துளைப்பது, வெடிப்பது, குறுக்கே வீசுவது என்னும் அவ்வைந்தும் முறையே உலோகம், மரம், நீர், நெருப்பு, மண் என்னும் சீன மரபின் ஐந்து பூதங்களோடு பொருத்தப்பட்டுள்ளன. புலி, குரங்கு, பருந்து முதலிய பன்னிரண்டு உயிரினங்களின் இயல்பைத் தழுவிய அசைவுகளும் உண்டு.

ஆனால் புதிய மாணவனுக்கு இவற்றுள் எதுவும் உடனே கற்பிக்கப்படுவதில்லை. முதலில் அவன் நிற்கக் கற்க வேண்டும். ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக, எடையின் பெரும்பகுதியைப் பின்காலில் தாங்கி, ஒரு கை மார்பின் உயரத்தில் முன்நீள, மற்றொரு கை வயிற்றருகே அமைய, அசையாமல் நிற்கும் நிலை அது. வானம், பூமி, மனிதன் என்னும் மூன்றும் ஒருவனிடத்தே கூடும் நிலை என்று அதற்குப் பொருள் கூறுவர். தொடை நடுங்கும், தோள் கடுக்கும், மனம் ஆயிரம் காரணம் சொல்லித் தப்பிக்கப் பார்க்கும். இளைஞர் சுன் நெடுங்காலம் இந்த ஒரு நிலையையே பயின்றார். பதஞ்சலி முனிவரின் யோக மரபிலும் ஆசனத்தில் உறுதி வாய்த்த பின்னரே பிராணாயாமமும் தாரணையும் வருகின்றன. அசையத் தொடங்குமுன் அசையாமையை அறிய வேண்டும் என்பதில் இரு மரபுகளும் ஒத்த கருத்தைக் கொண்டுள்ளன.

குதிரையின் பின்னே ஓடிய சீடர்

சில ஆண்டுகளில், தம்மிடம் இனிக் கற்பிக்க ஏதுமில்லை என்று உணர்ந்த லி குய்யுவான், சீடரைத் தம் குருவான குவோ யுன்ஷெனிடமே அழைத்துச் சென்றார். சீடன் தன்னை விஞ்சுவான் என்று அறிந்தும் அவனைத் தன் குருவிடம் ஒப்படைப்பது எல்லா ஆசிரியர்களுக்கும் இயல்வதன்று. கலை வாழ வேண்டும், தன் பெயர் வாழ வேண்டியதில்லை என்று எண்ணுபவருக்கே அது இயலும்.

குவோ அக்காலத்தில் வட சீனம் முழுவதும் புகழ் பெற்றிருந்தார். அரை அடி முன்வைத்து அவர் செலுத்தும் நேர்க்குத்தைத் தாங்கியவர் அரியர் என்பர். அவரோடு சுன் பல ஆண்டுகள் வாழ்ந்தார்; அவர் செல்லுமிடமெல்லாம் உடன் சென்றார். குரு குதிரைமேல் செல்வார். சீடர் குதிரையின் வாலைப் பற்றிக்கொண்டு பின்னே ஓடுவார் என்று ஒரு நிகழ்ச்சி அவர் வரலாற்றில் தவறாமல் சொல்லப்படுகிறது. கால்வலிமைக்கான பயிற்சி என்று அதைக் கொள்ளலாம். குருவின் வேகத்துக்கு ஈடுகொடுக்கும் சிரத்தை என்றும் கொள்ளலாம்.

குவோவிடமிருந்து அவர் பெற்ற பெருஞ்செல்வம் மூன்று படிகளைப் பற்றிய உபதேசமாகும். முதற்படியில் ஆற்றல் வெளிப்படையாகத் தோன்றும். அசைவுகள் ஒழுங்காகவும் திண்மையாகவும் இருக்கும். இரண்டாம் படியில் அது உள்ளே மறையும். அசைவு மென்மையாகி மூச்சு ஆழமாகும். மூன்றாம் படியில் அது உருமாறும். முயற்சி என்பதே தோன்றாமல் செயல் நிகழும். தாவோ நெறியினர் தம் அகச்சாதனையைக் கூறும் மொழியிலேயே குவோ இவற்றை விளக்கினார்: முதற்படி உடலின் சாரத்தைப் பிராணனாக்குவது, இரண்டாவது பிராணனை உணர்வாக்குவது, மூன்றாவது உணர்வை வெறுமையில் சேர்ப்பது. புகழ்பெற்ற ஒரு போர்வீரர் தம் கலையின் முடிவாக வெற்றியைக் கூறாமல் வெறுமையைக் கூறினார். அச்சொல் சீடரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

வட்டத்தில் நடத்தல்

பின்னர்த் தம் குருவின் ஆசியுடன் சுன் பீஜிங்கை அடைந்தார். அங்கே செங் திங்ஹுவா என்பவர் மூக்குக் கண்ணாடிக் கடை நடத்திவந்தார். மக்கள் அவரைக் கண்ணாடிச் செங் என்றே அழைத்தனர். பாகுவா கலையைப் பரப்பிய தோங் ஹாய்ச்சுவானின் தலைசிறந்த சீடர்களுள் அவர் ஒருவர்.

பாகுவா என்பதற்கு எட்டு முக்கோடுகள் என்று பொருள். முறிந்த கோடும் முறியாத கோடும் மூன்று மூன்றாய் அமைந்த எட்டுக் குறிகளால் மாற்றத்தின் இயல்பை ஆராயும் யீஜிங் என்னும் தொன்னூலிலிருந்து அக்கலை தன் பெயரைப் பெற்றது. அதனைப் பயில்வோர் ஒரு வட்டத்தின் விளிம்பில் இடைவிடாது நடப்பர். நடந்தவாறே உள்ளங்கைகளையும் திசையையும் மாற்றுவர். ஷிங்யீ நேர்கோட்டில் பாயும் அம்பு என்றால், பாகுவா சுழலும் சக்கரம். நடப்பவன் ஓயாது மாறுகிறான். வட்டத்தின் நடுப்புள்ளி மாறுவதில்லை.

ஷிங்யீயில் ஊறியிருந்த சுன் இதனை விரைவில் கற்றார். கலையின் வேர் யீஜிங்கிலும் தாவோ நெறியிலும் இருப்பதால், அவற்றை அறிந்தோரைத் தேடிச் செல்லுமாறு செங் அவருக்கு அறிவுறுத்தினார். அதன்படி அவர் தென்மேற்கே சிச்சுவானுக்கும், தாவோ துறவியர் வாழும் வூடாங் மலைக்கும் நெடுந்தொலைவு பயணம் செய்தார் என்பது அவரது மரபினரின் கூற்று. ஊர் திரும்பிய அவர், மணம் புரிந்து, சொந்த ஊர்ப்பகுதியில் பயிற்சிக்கூடம் ஒன்றை நிறுவி இளைஞர்களுக்குக் கற்பித்தார்.

துப்பாக்கி எழுப்பிய வினா

1900-ஆம் ஆண்டு வட சீனத்தில் யீஹேதுவான் எழுச்சி வெடித்தது. மேலை நாட்டார் பாக்சர் கலகம் என்று குறிப்பிடும் எழுச்சி அது. பயிற்சியாலும் மந்திரச் சடங்குகளாலும் தம் உடலைக் குண்டு துளைக்காது என்று அதில் ஈடுபட்ட எளிய உழவர்கள் நம்பினர். துளைத்தது. எட்டு நாடுகளின் கூட்டுப்படை பீஜிங்கைக் கைப்பற்றியது. அந்த நாட்களில்தான் செங் திங்ஹுவாவும் அந்நியப் படைவீரரின் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். தம் காலத்தின் ஈடற்ற கலைஞர் ஒருவரின் வாழ்நாள் சாதனையை ஒரு சாதாரணப் படைவீரனின் விரலசைவு ஒரு நொடியில் முடித்துவிட்டது. அடுத்த ஆண்டே, வில்லும் வாளும் எடைக்கற்களும் கொண்டு வீரரைத் தேர்ந்தெடுத்த பழைய படைத்தேர்வை அரசு ஒழித்தது.

போரில் வெல்வதே போர்க்கலையின் பயன் எனில், அக்கலைக்கு அன்றே முடிவு வந்திருக்க வேண்டும். குருவை இழந்த சீடர்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கலையைப் பயனற்றதென்று கைவிடுவது. மற்றொன்று, பழம்பெருமை பேசி மாயக்கதைகளில் மறைந்துகொள்வது. சுன் இரண்டையும் நாடவில்லை. இக்கலை எதற்காக என்னும் வினாவையே அவர் தம் சாதனையாகக் கொண்டார். பின்னாளில் அவர் எழுதிய நூல்களில் அவ்வினாவுக்குரிய விடை தெளிவாகக் காணப்படுகிறது. நலிந்தவன் உடல்நலம் பெற வேண்டும். நலம் பெற்றவன் தன் உள்ளத்தின் சமநிலையை அறிய வேண்டும். கல்வியும் வீரமும் இருவேறாகப் பிரிந்து நின்ற சமுதாயத்தில் இரண்டும் ஒரே மனிதரிடம் கூட வேண்டும். பிறரை வெல்லும் திறன் இவற்றின் துணைப்பயன் மட்டுமே.

நோயாளி தந்த கொடை

1907-இல் மஞ்சூரியாவின் ஆளுநராக இருந்த ஷூ ஷிச்சாங்கின் அழைப்பை ஏற்று அங்கே சில காலம் பணியாற்றிய சுன், பின்னர் பீஜிங் திரும்பினார். 1911-இல் எழுந்த புரட்சி முடியாட்சியை வீழ்த்தியது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் ஒருநாள், வெளியூரிலிருந்து வந்த முதியவர் ஒருவர் விடுதியில் நோயுற்றுக் கவனிப்பாரின்றிக் கிடப்பதாகச் சுன் கேள்வியுற்றார். ஹாவ் வெய்ஜென் என்னும் அம்முதியவர் யோங்நியான் ஊரைச் சேர்ந்தவர்; தாய்ஜி கலையின் ஆசான். சுன்னுக்கு அவரோடு முன்பழக்கம் இல்லை. எனினும் மருத்துவரை வரவழைத்து, மருந்து வாங்கிக் கொடுத்து, நலம் பெறும்வரை அருகிருந்து பேணினார்.

உடல் தேறியதும், உறவோ நட்போ இல்லாத தமக்கு இவ்வளவும் செய்ததற்கு என்ன கைம்மாறு செய்வதென்று முதியவர் நெகிழ்ந்தார். கைம்மாறு எதுவும் வேண்டா என்று சுன் மறுத்தார். அவர் மனம் அமைதியடையவில்லை. தம்மிடம் உள்ள ஒரே செல்வமான தாய்ஜியைக் கற்பிப்பதாகக் கூறினார். அப்போது சுன்னுக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. நாடறிந்த ஆசானாகவும் பல சீடர்களுக்குக் குருவாகவும் இருந்தவர், புதிய மாணவனாய் மறுபடியும் முதல் பாடத்திலிருந்து தொடங்கினார். தேடிச் சென்று பெற்ற இரு கலைகளும் அவரது முயற்சியின் பயன்; மூன்றாவது கலையோ பயன் கருதாத சேவையின் பயனாகத் தானே அவரைத் தேடி வந்தது.

மூன்றையும் கற்றபின் அவற்றை அவர் குழப்பிக் கலக்கவில்லை. ஒவ்வொன்றையும் அதனதன் வடிவிலேயே காத்துக் கற்பித்தார். ஆனால் அவர் வகுத்த தாய்ஜி முறையில் மற்ற இரண்டின் மணமும் கமழ்ந்தது. ஒரு கால் நகர்ந்தால் மற்றது உடனே தொடரும் நடை ஷிங்யீயிலிருந்தும், எளிதில் திரும்பும் இயல்பு பாகுவாவிலிருந்தும் வந்தன. திசை திரும்பும்போதெல்லாம் இரு கைகளும் மார்பின் முன் மெல்ல விரிந்து மெல்லக் குவியும். தாழக் குனியாமல் ஏறத்தாழ நிமிர்ந்த நிலையிலேயே செய்யப்படுவதால், முதியோருக்கும் அது ஏற்றதாயிற்று. இன்று சுன் மரபுத் தாய்ஜி என்று உலகம் அறிந்திருப்பது இதுவே.

மறைபொருள் நூலாகியது

சீனப் போர்க்கலைகள் நெடுங்காலம் குடும்பத்துக்குள்ளும் குருவின் அணுக்கச் சீடரிடையேயும் மறைவாகவே காக்கப்பட்டுவந்தன. ஆசிரியர்களுள் எழுத்தறிவு இல்லாதவரும் பலர். எழுதுகோல் கடையில் வளர்ந்த சுன், அந்த மரபை மாற்றிய முன்னோடிகளுள் ஒருவர். 1915-இல் ஷிங்யீ பற்றியும், 1916-இல் பாகுவா பற்றியும், 1921-இல் தாய்ஜி பற்றியும் அவர் எழுதிய நூல்கள் வெளியாயின. நிலைகளை விளக்கும் தம் புகைப்படங்களையும் அவற்றில் சேர்த்தார். 1924-இல் வெளியான நூலில் முன்னோர்களின் வரலாறுகளையும், தம் ஆசான்கள் வாய்மொழியாகக் கூறிய உபதேசங்களையும் அவரவர் பெயராலேயே பதிவுசெய்தார். 1927-இல் பாகுவா வாட்பயிற்சி பற்றிய நூல் வந்தது. குவோவின் மூன்று படிகள் பற்றிய விளக்கம் இன்று கிடைப்பதற்குக் காரணம், தம் கருத்தாக அதைக் காட்டிக்கொள்ளாமல் குருவின் பெயராலேயே சீடர் எழுதிவைத்ததுதான். 1918-இல் ஷூ ஷிச்சாங் சீனக் குடியரசின் தலைவரானபோது, சுன்னுக்குக் குடியரசுத் தலைவர் மாளிகையில் பணி அளித்தார். புகழும் பதவியும் வந்த அந்த ஆண்டுகளிலும் பயிற்சியும் எழுத்துமே அவரது நாட்களை நிறைத்தன.

தோற்றம் பற்றிய உண்மை

அந்நூல்களில் சுன் தம் காலத்து மரபையொட்டி, ஷிங்யீயின் மூலவர் போதிதர்மர் என்றும், தாய்ஜியை வகுத்தவர் ஜாங் சான்ஃபெங் என்னும் தாவோ சித்தர் என்றும் எழுதினார். பாரத நாட்டவருக்குப் பெருமை தரும் செய்திதான். ஆனால் உண்மையை நாடுவோர் பெருமைக்காக எதையும் ஆராயாமல் ஏற்பதில்லை.

போதிதர்மரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்புகள் ஆறு, ஏழாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அவர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் என்று அவற்றுள் ஒன்று கூறுகிறது. அவரது தியான நெறியைப் பற்றியும் அவை பேசுகின்றன. போர்க்கலை பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவர் அருளியதாகச் சொல்லப்படும் தசைநார்ப் பயிற்சி நூலின் பின்னுரை 1624-ஆம் ஆண்டையே காட்டுகிறது. ஜாங் சான்ஃபெங்கை அகவழிப் போர்க்கலையோடு இணைக்கும் பழைய சான்று 1669-இல் எழுதப்பட்ட ஒரு கல்லறை வாசகம். சுன் வாழ்ந்த காலத்திலேயே, 1930-இல், தாங் ஹாவ் என்னும் ஆய்வாளர் ஷாவோலின், வூடாங் மரபுக்கதைகளைச் சான்றுகளோடு மறுத்து நூல் வெளியிட்டார்; தாய்ஜியின் வேரை ஹெனான் மாகாணத்துச் சென் குலத்தாரின் சிற்றூரில், 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சென் வாங்திங்கிடம் அவர் கண்டார். ஷிங்யீயின் வரலாறும் அதே நூற்றாண்டில் ஷான்ஷி மாகாணத்தின் ஜி ஜிகேயிடம் தொடங்குகிறது. பாகுவாவின் வரலாறு, இளவரசர் ஒருவரின் மாளிகையில் ஊழியம் செய்து 1882-இல் மறைந்த தோங் ஹாய்ச்சுவானுக்கு அப்பால் தெளிவாகச் செல்வதில்லை.

இவ்வாறு ஆராய்ந்தால் சித்தர்களும் தேவர்களும் மறைந்து, உழவரும், வணிகரும், ஊழியரும், கண்ணாடிக் கடைக்காரரும் காட்சி தருகின்றனர். இதனால் கலையின் மதிப்புக் குறைவதில்லை. எளிய மனிதரின் வியர்வையால் தலைமுறை தலைமுறையாக உருவானது அது என்று அறிவதே அதற்குச் செய்யும் உண்மையான மரியாதை. பாரதம் சீனத்துக்கு வழங்கிய கொடையும் இதனால் குன்றவில்லை. நம் தியானம் என்னும் சொல்லே அங்கே சான் என்றும், ஜப்பானில் ஜென் என்றும் ஆயிற்று. குத்துமுறைகளைக் கற்பித்ததைவிட, உள்நோக்கி அமரக் கற்பித்தது சிறிய கொடையன்று.

உள்ளும் புறமும் ஒன்றே

1928-இல் நாஞ்சிங்கில் தேசியப் போர்க்கலைக் கழகம் நிறுவப்பட்டபோது சுன் அங்கு அழைக்கப்பட்டார். ஷாவோலின் என்றும் வூடாங் என்றும், புறக்கலை என்றும் அகக்கலை என்றும் இரு பிரிவுகள் வகுக்கப்பட்டு, அவற்றிடையே போட்டியும் பூசலும் மூண்டிருந்தன. அகக்கலை எனப்படும் மூன்றுக்கும் தலைசிறந்த ஆசானாக அவரே மதிக்கப்பட்டதால், அவர் அதன் பக்கம் வாதாடுவார் என்றே யாரும் எதிர்பார்த்திருப்பர். அவரோ அப்பிரிவினையே பிழை என்று எழுதினார்.

அக்கட்டுரையில் தம் பழைய அறியாமையையும் அவர் மறைக்கவில்லை. வன்மையானது புறக்கலை, மென்மையானது அகக்கலை என்று தாமும் கருதியிருந்ததையும், ஷான்ஷியின் முதிய ஆசான் சூங் ஷிரோங் தம்மைத் திருத்தியதையும் வெளிப்படையாகக் கூறினார். பிராணனை நன்கு பேணத் தெரிந்தவன் எந்த முறையைப் பயின்றாலும் அது அகக்கலை. மூச்சை வலிந்து அடக்கி முரட்டு வலிமையை நாடுபவன் எதைப் பயின்றாலும் அது புறக்கலை என்பது அம்முதியவர் அளித்த தெளிவு. பெயர்ப்பலகையில் வேறுபாடு இல்லை, சாதகனிடத்தில்தான் இருக்கிறது. அறுபதைக் கடந்து, புகழின் உச்சியில் இருந்த ஒருவர், தாம் திருத்தப்பட்ட செய்தியைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். குதிரையின் பின்னே ஓடியதைவிட இது கடினமான பயிற்சி.

பின்னர் ஜியாங்சு மாகாணப் போர்க்கலைக் கழகத்தின் பொறுப்பேற்றுக் கற்பித்தார். பெண்களுக்கு இக்கலைகளை வெளிப்படையாகக் கற்பிப்பது அரிதாயிருந்த அந்நாளில், மகள் சுன் ஜியான்யுன்னுக்கு அவர் தம் கலைகள் மூன்றையும் முழுமையாக அளித்தார்.

அமைதியான முடிவு

1931-இல் ஜப்பானியப் படைகள் மஞ்சூரியாவைக் கைப்பற்றின. நாடு மீண்டும் இருளை நோக்கிச் சென்றது. சுன் வடக்கே திரும்பி, இறுதியில் தாம் பிறந்த ஊரை அடைந்தார். தம் முடிவு நெருங்குவதை முன்னரே குடும்பத்தாருக்கு அறிவித்து, உணவைக் குறைத்து, வழக்கமான பயிற்சியையும் எழுத்தையும் கைவிடாமல் அவர் காத்திருந்ததாக அவருடைய மகள் கூறிவந்தார். 1933 டிசம்பர் 16-ஆம் நாள், அழவேண்டா என்று சுற்றத்தாரிடம் கூறி, அமர்ந்த நிலையிலேயே உயிர் நீத்தார் என்பர். அறுபதாண்டுகளுக்கு முன் அச்சத்தாலும் துயரத்தாலும் உயிரை உதற முனைந்த சிறுவன், இப்போது நிறைவுற்ற முதியவராக, அச்சமின்றி அதனை விட்டார்.

மகன் சுன் சுன்ஜோவும் மகள் சுன் ஜியான்யுன்னும் அவர் பணியைத் தொடர்ந்தனர். போரும் புரட்சிகளும் கடந்து, 2003-இல் மறையும்வரை மகள் பீஜிங்கில் இக்கலையைக் கற்பித்தார். 1997-இல் ஆஸ்திரேலியாவில் மூட்டுவலியால் துன்புறுவோருக்கென ஒரு தாய்ஜிப் பயிற்சித் திட்டம் வகுக்கப்பட்டபோது, அதற்கு அடிப்படையாகச் சுன் மரபே தேர்ந்தெடுக்கப்பட்டது. 2020-இல் யுனெஸ்கோ தாய்ஜியை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது.

அடி வாங்காதிருக்கக் கற்கத் தொடங்கினார், நிற்கக் கற்றார், நடக்கக் கற்றார், இறுதியில் தன்னை இழக்கக் கற்றார். அவர் வீழ்த்தியதாகச் சொல்லப்படும் மல்லர்களின் கதைகள் பல உண்டு; அவற்றைச் சொல்வோர் குறைந்துவருகின்றனர். அவர் செப்பனிட்ட பயிற்சியால் வலியின்றி எழுந்து நடக்கும் முதியோர் இன்று பல நாடுகளிலும் உள்ளனர். துப்பாக்கி எழுப்பிய வினாவுக்கு அவர் தந்த விடை, ஒவ்வொரு காலையிலும் அவர்களுடைய விரியும் கைகளிலும் குவியும் கைகளிலும் புதுப்பிக்கப்படுகிறது.